ஏசி தண்ணீரில் ஒரு செதில்

இந்த வழக்கில் முதல் தடயத்தைக் கண்டுபிடித்தது ஒரு பூனை. பூனைக்கு ஃபீஸ் தர வேண்டியதில்லை என்பதால் அந்தப் பெருமையை ஜெரூஷா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் மூன்றாவது குறுக்குத் தெரு. வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட். ஷெட்டுக்குள் தொண்ணூற்றிரண்டில் ஜப்பானில் பிறந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். பட்டனை அழுத்தினால் ஹெட்லைட் தவளைக் கண் மாதிரி மேலே வரும். அதாவது வலது கண் வரும். இடது கண் பத்து வருடமாகத் தூங்குகிறது.

நேற்று மதியம் அந்தக் காருக்குள் அதன் சொந்தக்காரரும் தூங்கினார். அவரும் எழுந்திருக்கவில்லை.

சத்தியநாதன், அறுபத்துநான்கு வயது, ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி புரொபசர். ஷட்டர் இறக்கிய ஷெட்டில், கண்ணாடி ஏற்றிய காரில், ஏசி போட்டு உட்கார்ந்தபடியே இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை அறிக்கை வருவதற்கு முன்பே இன்றைய பேப்பரில் காரணம் வந்துவிட்டது. 'ஏசி கேஸ் கசிந்து பேராசிரியர் பலி.' எஸ்.ஐ. தனசேகர் பேப்பருக்குச் சொன்னாரா, பேப்பர் எஸ்.ஐ.க்குச் சொன்னதா என்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம்.

ஏசியை ரிப்பேர் செய்து நேற்றுத்தான் காரைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக் கோபு, சாயங்காலமே இரும்புலியூர் ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு அள்ளிச் செல்லப்பட்டார். ஜாமீனில் வர முடியாத செக்ஷன். இன்று மாலை ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட். அதற்கப்புறம் புழல் ஜெயில்.

இப்போது மணி பத்தரை.

"கேஸ் முடிஞ்சுது மேடம். நீங்க எதுக்கு வெயில்ல?" என்றார் எஸ்.ஐ. தனசேகர். ஷெட் வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு, செத்தவர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கோபுவோட வைஃப் துர்கா காலைல ஏழு மணிக்கே என் ஆபீஸ் படியில உக்காந்திருந்தாங்க சார். எழுந்திருக்க மாட்டேன்னுட்டாங்க. கீழ பேக்கரிக்காரர் எனக்கு போன் பண்ணி, ஒரு அம்மா பன்னும் வாங்காம நகரவும் மாட்டேங்கறாங்கன்னார்."

ஜெரூஷாவுக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, நசுங்கிய கார்களையும் நசுங்காத பொய்களையும் அளந்தவள். இப்போது மேற்குத் தாம்பரத்தில் துப்பறியும் ஆபீஸ். உதவியாளன் கதிரேசன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், ஒன்பது அரியர். வெளியாள் இருந்தால் அவளை 'மேடம்' என்பான். காரியம் ஆக வேண்டுமென்றால் 'அக்கா.'

"அக்கா, பூனை," என்றான் கதிரேசன்.

"தெரியுது."

"ஏசி தண்ணிய நக்குது."

காருக்கடியில் ஒரு பழைய பேப்பர் விரித்திருந்தது. புரொபசரின் வழக்கம் அது. எது எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க, காருக்கடியில் தினமும் பேப்பர் விரித்து, மூலையில் தேதியும் நேரமும் எழுதி வைப்பார். நேற்றைய பேப்பரில் சிவப்பு மையில் '11.50' என்று இருந்தது. நடுவில் தட்டு அளவுக்குக் காய்ந்துபோன ஈரக் கறை. அந்தக் கறையைத்தான் ஒரு சாம்பல் பூனை, கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்காரன் மாதிரி விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.

"அதான் ப்ரூஃப்," என்றார் எஸ்.ஐ. "ஏசி ஓடினா அடியில தண்ணி சொட்டும். சொட்டியிருக்கு. ஓடியிருக்கு. கேஸ் லீக் ஆகியிருக்கு. ஆளு அவுட்."

"ஏசி கேஸ் அவ்வளவு சுலபமா ஆளைக் கொல்லும்னா, ஃப்ரிட்ஜ் இருக்கற வீட்டுல எல்லாம் சாவு விழணும் சார்."

"அதெல்லாம் டாக்டர் சொல்லட்டும். நமக்குப் பேப்பர்லயே வந்துடுச்சு."

ஜெரூஷா குந்தி உட்கார்ந்து பூனையை விரட்டினாள். பூனை போகவில்லை. உரிமையோடு முறைத்தது. கறையின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. அவள் நகத்தால் சுரண்டி எடுத்தாள். கண்ணாடி மாதிரி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒன்று.

"கதிரேசா, ஏசி தண்ணி எங்கேர்ந்து வருது?"

"காத்துல இருக்கற ஈரம்தான் குளிர்ந்து தண்ணியா சொட்டுது. ரெண்டு மார்க்."

"சேலையூர் காத்துல மீன் நீந்துதா?"

அவன் குனிந்து பார்த்தான். மோந்து பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சங்கரா."

"ரெண்டு மார்க்," என்று அவள் செதிலைக் கைக்குட்டையில் மடித்தாள்.

கதிரேசன் அதற்குள் காருக்குள் கையை விட்டு, தொங்கிக்கொண்டிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தான். இன்ஜின் இருமியது. பெட்ரோல் முள் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. "ஏய், தொடாத!" என்றார் எஸ்.ஐ., டீ கிளாஸைக் கீழே வைக்காமலே.

உள்ளே யாரோ பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி மெல்லிய குரலில் துக்கப் பாட்டு தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார் ஞானஜோதி. புரொபசரின் மனைவி. ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கலையாத கொண்டை. அழுத கண்களாகத் தெரியவில்லை. ஆனால் அட்டெண்டன்ஸ் எடுக்கிறவர்கள் அழுது யார் பார்த்திருக்கிறார்கள்?

"நான் ஏற்கெனவே சார்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்," என்றார். "பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் போனார். இவர் ஷட்டரை இறக்கிட்டு உள்ள உட்கார்ந்தார். தினம் செய்றதுதான். மூணு மணிக்கு நான் போய் ஷட்டரைத் தூக்கி, கார் கதவைத் திறந்தேன். ஜில்லுனு காத்து முகத்துல அடிச்சுது. சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணேன். தூங்கறார்னுதான் நினைச்சேன்."

"வீட்டுக்குள்ள ஏசி இல்லையா மேடம்?"

"அவருக்குப் பிடிக்காது. மூட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவார்."

"காருக்கு மூட்டு கிடையாதே," என்று கதிரேசன் முணுமுணுத்தான். ஜெரூஷா அவன் காலை மிதித்தாள்.

ஹாலை எட்டிப் பார்த்தாள். மே மாதம், பத்து பேர், ஒரு ஃபேன். அது யோசித்து யோசித்துச் சுற்றியது. ரெகுலேட்டர் மூன்றாம் எண்ணில் இருந்தது. அதற்கு மேல் திரும்பாதபடி பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் மேல் சிவப்பு மையில் ஒரு தேதி. பத்தொன்பது வருடப் பழைய தேதி.

கிளம்பும்போது கதிரேசன் ஷட்டரை இறக்கிவைக்கலாம் என்று எம்பினான். கைக்கு எட்டவில்லை. மறுபடி எம்பினான்.

"கம்பி இல்லாம வராது தம்பி. ஸ்பிரிங் போயிடுச்சு," என்று ஞானஜோதி வீட்டின் வெளிச்சுவரில், அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கொக்கிக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் வாங்கி அதே ஆணியில் மாட்டினார். நேராகத் தொங்குகிறதா என்றும் பார்த்தார்.

*

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி 'கோபு கார் ஏசி ஒர்க்ஸ்' பூட்டிக் கிடந்தது. போர்டில் பெயருக்குக் கீழே ஒரு வாசகம்: 'எங்கள் கை பட்டால் லீக் இல்லை.' எதிர்ப்பக்கம் மரத்தடியில், நீல நிற ஐஸ் பெட்டிக்குப் பின்னால் அங்காளம்மா உட்கார்ந்திருந்தாள். கோவளம் குப்பத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் மீனோடு வருகிறவள். அந்த ஷேர் ஆட்டோவில் அவளுக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலி.

"இன்னாம்மா வோணும்? சங்கரா கீது, வஞ்சிரம் கீது."

"சங்கராதான்," என்று ஜெரூஷா கைக்குட்டையைப் பிரித்துச் செதிலைக் காட்டினாள். "இது உங்களுதான்னு பாருங்க."

அங்காளம்மா செதிலைப் பார்த்தாள். ஜெரூஷாவைப் பார்த்தாள். "ஒரே ஒரு செதிலுக்கு ரிட்டன் எடுக்க மாட்டேன்."

"கோபு நேத்து உங்ககிட்ட மீன் வாங்கினாரா?"

"அவனா? மீனு இன்னா வெலன்னு கேக்கவே அவனுக்கு மனசு வராது. ஐஸுதான் வாங்கினான்."

கதிரேசன் நிமிர்ந்தான். "ஐஸா?"

"மீனு மேல போடுற ஐஸு. பதினொண்ணரை மணிக்கு ஓடியாந்தான். அக்கா அக்கா, ரெண்டு கை ஐஸு குடுக்கான்னான். அந்தச் செவப்புக் காரு இருக்குதே, எறும்பு மாதிரி, அதுக்குள்ள தலைய வுட்டுகினு இன்னாமோ பண்ணான். இது மொத தபாவா? போன வாரம் ஒரு டாக்டரு வண்டி. அதுக்கு முன்ன ஒரு ஸ்கூலு வேனு. காருக்கு ஜொரமாடா, ஒத்தடம் குடுக்கறியான்னு கேட்டேன். பல்ல இளிச்சிகினு போனான் கஸ்மாலம்."

"மெக்கானிக்கல் இன்ஜினியரிங்ல இது சிலபஸ்லயே இல்ல அக்கா," என்றான் கதிரேசன்.

"அதான் அவர் பாஸ், நீ அரியர்."

"இன்னாம்மா, மீனு வாங்கறியா, கேள்வி மட்டுந்தானா?" என்று அங்காளம்மா ஐஸ் பெட்டியைத் தட்டினாள். அரைக் கிலோ சங்கரா வாங்கினார்கள். கதிரேசன் அதை ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டினான். ஸ்டேஷன் போய்ச் சேரும் வரை பின்னாலேயே இரண்டு பூனைகள் வந்தன.

*

கோபு லாக்கப்பில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது, இரண்டு நாள் தாடி. எஸ்.ஐ. மேஜைக்கு அழைத்து வந்து நிற்க வைத்தார்கள். ஓரத்தில் துர்கா. காலையிலிருந்து அவள் அழுத அழுகையில் முந்தானை பிழியலாம் போலிருந்தது.

"கோபு, ஒரே கேள்வி," என்றாள் ஜெரூஷா. "அந்தக் கார்ல ஏசி வேலை செஞ்சுதா?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க! சொம்மா பிச்சிகினு அட்ச்சுது. ஊட்டி மேடம், ஊட்டி!"

"கேஸ் ஃபுல்லா இருந்துதா?"

"ஃபுல்லு. சோப்பு நொரை வெச்சு டெஸ்ட்டு பண்ணேன். ஒரு முட்ட கூட வரல."

"பாத்தீங்களா?" என்றார் எஸ்.ஐ. சந்தோஷமாக. "கேஸ் ஃபுல்லா இருந்துதுன்னு அவனே ஒத்துக்கறான்."

ஜெரூஷா மேஜைமேல் செதிலை வைத்தாள். கோபு அதைப் பார்த்தார்.

"கோபு, நல்லா கேட்டுக்கங்க. ஏசி நல்லா வேலை செஞ்சுதுன்னு சொன்னா நீங்க புழலுக்குப் போவீங்க. வேலையே செய்யலன்னு சொன்னா வீட்டுக்குப் போவீங்க."

கோபு யோசித்தார். சுவரைப் பார்த்தார். துர்காவைப் பார்த்தார். மணி இரண்டே கால் ஆகியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"நடுவுல வேற எதுனா கீதா மேடம்?"

"இல்ல."

"இருவத்தாறு வருசம் மேடம். இந்த லைன்ல கோபுன்னா ஒரு பேரு கீது. கூடுவாஞ்சேரிலேர்ந்து வண்டி வருது. இவ அண்ணன் மெக்கானிக்கு, அவனே அவன் வண்டிய எங்கிட்டதான் வுடுறான்."

"நீங்க சொல்லலன்னா அங்காளம்மா சொல்லுவா. அவ சொன்னா ஸ்கூல் வேன்லேர்ந்து ஆரம்பிப்பா," என்றான் கதிரேசன்.

கோபு பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தக் காருக்கு டேஷ்போர்டு பின்னாடி கூலிங் காயிலு பூரா அரிச்சுப் போச்சு மேடம். ராத்திரி ஊத்தின கேஸு காலைல காணோம். மூணு வாட்டி ஓட்டைய பத்த வெச்சேன். ஒரு எடத்த அடைச்சா இன்னொரு எடத்துல புஸ்ஸு. முப்பது வருசத்து வண்டி, ஸ்பேரு எங்க கெடைக்கும்? அந்தாளு தினம் போனு. 'கோபு, முடியலன்னா சொல்லிடுப்பா, வேற ஆளப் பாக்கறேன்'ன்னாரு. வேற ஆளாம் மேடம்! எங்கிட்ட!" அவர் குரல் உண்மையிலேயே நடுங்கியது. "புதுக் காயிலு போட்டாச்சுன்னு சொல்லிட்டேன். ப்ளோயர் டப்பாக்குள்ள ஐஸ அடைச்சேன். ஜில்லுன்னும் வரும், அடியில தண்ணியும் சொட்டும். பத்து நிமிசம். அதுக்குள்ள நான் எஸ்கேப்பு."

"கேஸே இல்லையா?" என்றார் எஸ்.ஐ. பரிதாபமாக. ஒரு நல்ல எஃப்.ஐ.ஆர். அவர் கண் முன்னாலேயே ஆவியாகிக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டு இல்ல சார்."

"பத்து நிமிஷத்துக்கு அப்புறம் சுடுமே," என்றாள் ஜெரூஷா. "அவர் உடனே போன் பண்ணிக் கத்தியிருப்பாரே. ஏன் பண்ணல?"

கோபு தலை குனிந்தார்.

"நடுவுல கொஞ்ச நேரம் அனலா வரும் சார், பயந்துடாதீங்கன்னு சொன்னேன். புதுக் காயிலு செட்டாவுது. கண்ணாடிய எறக்கிடாதீங்க, கதவ தொறந்துடாதீங்க. தொறந்தா மறுபடி மொதல்லேர்ந்து. கம்முனு உக்காந்தீங்கன்னா தானா ஜில்லுன்னு வந்துடும்னேன்."

கதிரேசனிடம் ஒரு ஜோக் இருந்தது. அதை விழுங்கினான்.

முப்பது வருடம் காலேஜில் கெமிஸ்ட்ரி எடுத்தவர் சத்தியநாதன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை என்று டிக்டேட் செய்து, அதற்கு அடிக்கோடு போடச் சொன்னவர். ஷட்டர் இறங்கிய ஷெட்டில், பழைய இன்ஜினின் புகை நிறைந்த காரில், கதவைத் திறக்காமல், வியர்த்து ஒழுகிக்கொண்டு, ஜில்லென்று வரப்போகும் காற்றுக்காகக் காத்திருந்தார். மெக்கானிக் பேச்சை நம்பி.

"நீங்க கிளம்பும்போது ஷட்டர்?" என்றாள் ஜெரூஷா.

"தொறந்துதான் இருந்துச்சு மேடம். நான் சொல்லிட்டு வெளிய வரேன், அந்தம்மா அடுப்படி ஜன்னலாண்ட நின்னு காரையே பாத்துகினு இருந்தாங்க."

ஜெரூஷா எழுந்தாள். "சார், ஜீப்பை எடுங்க. ஒரு லேடி கான்ஸ்டபிளையும் கூட்டிக்கங்க."

"எதுக்கு?"

"ஐஸ் பத்து நிமிஷம். மூணு மணிக்கு அந்தம்மா முகத்துல அடிச்ச ஜில்லுக் காத்து எங்கேர்ந்து வந்துது?"

*

துக்கம் கேட்க வந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஹாலில் ஞானஜோதி மட்டும், காலிச் சேர்களுக்கு நடுவில், பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஜெரூஷா கையில் கொக்கிக் கம்பி இருந்தது. வரும் வழியில் ஆணியிலிருந்து எடுத்திருந்தாள்.

"மேடம், உங்க ஷட்டர் இந்தக் கம்பி இல்லாம இறங்காது. சார் உள்ளேயிருந்து இறக்கியிருந்தா கம்பி உள்ள இருக்கணும். நேத்து சாயங்காலம் போலீஸ் எடுத்த போட்டோவுல கம்பி வெளியில ஆணியில தொங்குது. நேரா தொங்குது."

ஞானஜோதி கம்பியை மட்டும் பார்த்தார்.

"கார்ல பெட்ரோல் சுத்தமா தீர்ந்துபோச்சு. நீங்க ஆஃப் பண்ணல. அது ஓடி ஓடித் தானா நின்னுருக்கு. நின்னுபோன வண்டியில ஏசி காத்து எப்படி அடிக்கும்?"

"சத்தம் நிக்கற வரைக்கும் நான் போகலை," என்றார் ஞானஜோதி. தப்பான விடையைத் திருத்துகிற குரலில் அதைச் சொன்னார். எஸ்.ஐ. நோட்டைத் திறக்கவும் மறந்து நின்றார்.

"ஏன் மேடம்?"

"முப்பத்தஞ்சு மே மாசம், மிஸ் ஜெரூஷா. இந்த வீட்ல ஃபேன் மூணுக்கு மேல போகக் கூடாது. பெட்ரூமுக்கு ஏசி கேட்டேன். என் சம்பளத்துலதான் கேட்டேன். உடம்புக்கு ஆகாதுன்னார். அந்தக் காருக்கு மட்டும் வருஷா வருஷம் ஏசி ரிப்பேர். அது லீக் ஆகும், இவர் சரி பண்ணுவார், மறுபடி லீக் ஆகும். சாப்பிட்டதும் போய் அதுக்குள்ள உட்கார்ந்துப்பார். ரெண்டு சீட்டு அதுல. ரெண்டாவது சீட்ல பேப்பர் அடுக்கி வெச்சிருப்பார்."

புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து அவருக்குத்தான் மட்டன் வதக்கிட்டு நின்னேன். ஜன்னல் வழியா பார்த்தா, கண்ணை மூடிட்டு, சிரிச்சுட்டு உட்கார்ந்திருக்கார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அஞ்சு நிமிஷம் நானும் உட்கார்ந்துக்கறேன்னேன். வாழ்க்கையில முதல் தடவை அதுல இடம் கேட்டேன். அவர் திறக்கலை. கையை இப்படி ஆட்டினார்."

ஈயை விரட்டுவதுபோல ஆட்டிக் காட்டினார்.

"கதவைத் திறந்தா கூலிங் போயிடுமாம். உள்ளேயிருந்து வாயசைச்சுச் சொன்னார். நான் போய்க் கம்பியை எடுத்துட்டு வந்தேன். பேப்பர்ல வருஷா வருஷம் வருதே, மூடின கார்ல ஏசி போட்டுப் படுத்துச் செத்தாங்கன்னு. நான்தான் அவருக்கு வாசிச்சுக் காட்டுவேன். சரி, அவ்வளவு ஜில்லு வேணும்னா இருந்துக்கட்டும்னு இழுத்து விட்டேன்."

ஃபேன் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தது.

"உள்ள ஜில்லுன்னு இல்ல மேடம்," என்றாள் ஜெரூஷா.

"என்ன?"

"ஏசியில கேஸே கிடையாது. மீன் ஐஸ் வெச்சு ஏமாத்தியிருக்கான். பத்து நிமிஷம்தான் ஜில்லு. நீங்க கண்ணாடியைத் தட்டினப்பவே அது முடிஞ்சிருக்கும். கதவைத் திறக்காம இருந்தா மறுபடி வரும்னு மெக்கானிக் சொல்லியிருக்கான். அதை நம்பித்தான் திறக்கல."

ஞானஜோதி அவளையே பார்த்தார். முதல்முறையாக அந்த முகத்தில் ஏதோ அசைந்தது. எஸ்.ஐ. அதை அழுகை என்று நினைத்து, ஆறுதல் சொல்லத் தொண்டையைச் செருமினார்.

"அப்போ உள்ள வெந்துட்டா இருந்தார்?"

"உங்க அடுப்படியைவிட மோசமா."

"வேர்த்திருக்குமா?"

"சட்டை முழுக்க நனைஞ்சிருந்துதுன்னு போலீஸ் எழுதியிருக்காங்க. ஏசியில இருந்தவருக்கு ஏன் வேர்த்துதுன்னு யாரும் கேட்கல."

"நல்லது," என்றார் ஞானஜோதி.

எழுந்தார். ரெகுலேட்டர் அருகே போய், டேப்பை நகத்தால் உரித்தார். ஐந்தில் வைத்தார். ஃபேன் திடுக்கிட்டு வேகம் எடுத்தது. மேஜைமேலிருந்த பாட்டுப் புத்தகத்தின் தாள்கள் படபடத்தன. அதற்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் உட்கார்ந்தார். லேடி கான்ஸ்டபிள் எஸ்.ஐ.யைப் பார்த்தாள். எஸ்.ஐ. கூரையைப் பார்த்தார்.

"போகலாம்," என்று ஞானஜோதி எழுந்து செருப்பைத் தேடினார்.

*

நாலு நாற்பதுக்கு ஸ்டேஷனில் கோபுவின் வாக்குமூலம் தயாரானது. எஸ்.ஐ. தனசேகர் அதை எழுந்து நின்று, வாசல்வரை கேட்கும்படி வாசித்தார். நல்ல கேஸ் ஒன்றைக் கெடுத்தவன்மேல் அவருக்கு வேறெப்படியும் கோபத்தைக் காட்ட வழியில்லை.

"...மேற்படி காரின் ஏசியில் கேஸ் இல்லை என்பதும், அதற்குப் பதிலாக மீன் பெட்டி ஐஸை வைத்தேன் என்பதும், இதுபோல் முன்பும் பல வாகனங்களுக்குச் செய்திருக்கிறேன் என்பதும் உண்மை. கையெழுத்துப் போடு."

"பல வாகனங்கள்னு போடணுமா சார்? சிலன்னு போடுங்களேன்."

"போடுடா."

கோபு போட்டார். இருபத்தாறு வருடப் பெயர் ஒரு நீல மைக் கிறுக்கலாக அடியில் உட்கார்ந்தது.

"போலாம். நீ ஃப்ரீ," என்றார் எஸ்.ஐ.

கோபு நகரவில்லை. வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். வாக்குமூலத்தை யாரோ போனில் பிடித்து, இரும்புலியூர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஸ்டேஷன் முன் வரிசையாகக் கார்கள். எல்லாவற்றுக்கும் பானட் திறந்திருந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஒருவர் டேஷ்போர்டுக்கடியில் மூக்கை விட்டு மோந்துகொண்டிருந்தார். மஞ்சள் ஸ்கூல் வேன் அப்போதுதான் வந்து நின்றது.

"மேடம், அந்தப் புரொபசரு..." என்று கோபு ஜெரூஷா பக்கம் திரும்பினார். "நான் கதவத் தொறக்காதீங்கன்னு சொன்னதாலதான் செத்தாரா?"

"அந்தம்மா ஷட்டரை இறக்கினாங்க. நீங்க அவரை உள்ள உட்கார வெச்சீங்க. ரெண்டும் வேணும்."

கோபுவுக்குக் கண் கலங்கியது. உடனே எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "அதுக்கு எதுனா செக்சன் கீதா சார்? சின்னதா?"

"புளுகினதுக்கெல்லாம் உள்ள வெச்சா, ஸ்டேஷன்ல நானே நிக்க இடம் இருக்காது. கிளம்பு."

"அண்ணே, டாக்டர் வெயிட் பண்றாரு," என்று கதிரேசன் மரியாதையாகக் கதவைத் திறந்து பிடித்தான்.

துர்கா உள்ளே வந்தாள். காலை ஏழு மணியிலிருந்து இந்த நிமிடத்துக்காகப் பட்டினி கிடந்தவள். கணவனுக்கு எதிரே வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொடவில்லை.

"எங்கண்ணன் காருக்கும் ஐஸுதானா?" என்றாள்.

கோபு அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், வாசலில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த மைத்துனனைப் பார்த்தார். பிறகு எஸ்.ஐ.யின் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சார்," என்றார். "இன்னிக்கு ஒரு நாளு மட்டும்."